சுத்தியலைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவள்

“ஸ்க்ரூவை இறுக்கும்போது வலிக்குதா, கழட்டும்போது வலிக்குதா?”

வலது முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே உள்ளே வருகிறவர் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். அநேகம் பேர் இதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நின்ற இடத்திலேயே வெறுங்கையைக் காற்றில் திருகிப் பார்ப்பார்கள். ஒரு திசையில் ஒன்றுமில்லை. மறுதிசையில் முகம் சுளிக்கும். “கழட்டும்போதுதான் மேடம்.”

வலக்கையால் திருகாணியை இறுக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கிப் புரள்கிறது. அந்தப் பாரத்தை மேல்கைத் தசை ஏற்றுக்கொள்ளும். கழற்றும்போது உள்ளங்கை கீழ்நோக்கிப் புரள வேண்டும். அதைச் செய்கிற தசை, முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டிலிருந்து கிளம்புகிறது. விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிப்பதும், மணிக்கட்டை உள்பக்கமாக வளைப்பதும் அதே மேட்டில் தொடங்கும் தசைகளின் வேலைதான். துருவேறிய திருகாணிகளோடு ஒரு காலைப்பொழுது மல்லுக்கட்டியவருக்கு வலி வேறெங்கும் போகாமல் அங்கே வந்து உட்காருவது இதனால்தான். இடக்கைப் பழக்கக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

மருத்துவப் புத்தகங்கள் இந்த வலியைக் கோல்ஃப் ஆடுகிறவர்கள் பெயரில் எழுதிவைத்திருக்கின்றன, வெளிப்பக்க வலியை டென்னிஸ் ஆடுகிறவர்கள் பெயரில். இரண்டில் வெளிப்பக்கம்தான் பரவலானது. எல்லா ஊரிலும் அப்படித்தான், என்னிடமும் அப்படித்தான். இருந்தாலும் உள்பக்க வலிக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். நெய்வேலியில் யார் எதை எவ்வளவு இறுக்கிப் பிடித்துப் பிழைக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

நான் பிசியோதெரபிஸ்ட். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கப் பணிமனையில் மெக்கானிக். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டினார். அந்த வீட்டின் முன்னறைதான் என் கிளினிக். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் சில டம்பெல்கள், ஒரு மரக்கைப்பிடிச் சுத்தியல். கடைசியில் சொன்னதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள்.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதை இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1956-இல் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நெய்வேலியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன்பிறகு டன் கணக்குக்கும் மெகாவாட் கணக்குக்கும் போய்விடுவார்கள். என் தொழிலுக்கு வேண்டியது நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண். அதில் கடலூர் மணற்பாறை இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்கள் அந்தப் பாறையில் உரசி வெகுவேகமாகத் தேய்ந்தன. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திவிட்டுத் தோண்டும் முறை அதனால்தான் வந்தது. எத்தனை பெரிய இயந்திரமாக இருந்தாலும் தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதுப் பல்லை மாட்டுவது மனிதக் கை. சம்மட்டியை ஓங்கி அடிக்கிறவரைவிட, எதிரே பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரின் முழங்கை சீக்கிரம் வலிக்கும் என்று அப்பா சொல்வார். படித்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு சரி என்று புரிந்தது. அடி விழும்போது பொருள் நழுவிவிடக் கூடாதே என்று கை தன்னையறியாமல் தேவைக்கு மேல் இறுக்குகிறது. அதிர்கிற எந்தக் கருவியைப் பிடித்தாலும் இதுதான் நடக்கும். தடித்த கையுறை போட்டால் பிடிமானம் குறைந்து இன்னும் இறுக்கும்.

பாறை போதாதென்று களிமண்ணும் உண்டு. மழைக்காலத்தில் பக்கெட்டிலும் மண் இறங்கும் வாயிலும் அப்பிக்கொள்ளும், அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு கன்வேயர். உள்ளே எஃகுக் கம்பிகள் ஓடும் அகலமான ரப்பர் பெல்ட். அதற்கு ஜாயிண்ட் போடுகிறவர்கள் முனையிலுள்ள ரப்பரைக் கத்தியால் சீவி, கம்பிகளை வரிசை வரிசையாக வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் கோத்து, இடையில் புது ரப்பர் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைப்பார்கள். சீவுவதும் குறடால் பிடித்து இழுப்பதும் நீண்ட வேலை. மணிக்கட்டு மடங்கியபடியே இருக்கும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் பண்ருட்டி வரை முந்திரி. கொட்டை உடைக்கும் பெண்கள் ஒரு கையால் கொட்டையை வைத்து, மறு கையால் கைப்பிடியை அழுத்தி, காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும் என்பதால் விரல்களைக் காப்பதிலேயே அவர்கள் கவனம் இருக்கும். முழங்கையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. எந்தத் தொழிற்சாலைக்கும் போகாதவர்களுக்கென்று ஒரு பருவம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம். கெட்டி மாவை முறுக்கு அச்சில் போட்டுப் பிழிந்து பிழிந்து, பண்டிகை முடிந்ததும் வந்து நிற்பார்கள். “என்னன்னே தெரியல மேடம், டம்ளரத் தூக்க முடியல” என்பார்கள். எத்தனை கிலோ மாவு என்று கேட்பேன். சொந்தக்காரர் வீடுகளின் பட்டியலோடு பதில் வரும்.

வலி என்றால் நம் ஊரில் எல்லாமே நரம்புதான். “நரம்பு இழுத்துக்கிச்சு”, “நரம்பு பிசகிடுச்சு”. உள்பக்க முழங்கை வலியில் பெரும்பாலும் கெட்டிருப்பது தசைநாண். தசையை எலும்போடு பிணைக்கும் வெள்ளைக் கயிறு. அது வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் போன்றோர் அறுவை செய்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்குரிய அணுக்கள் அதிகம் தென்படவில்லை. ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய நார்கள் குலைந்து, தேவையில்லாத இரத்தக்குழாய்கள் முளைத்து, ஆறத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட இடமாகத் தெரிந்தது. வலி மாத்திரை சில நாள் அடக்கிவைத்து மறுபடி தலைகாட்ட விடுவது ஏன் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. குலைந்த நாரை மாத்திரை அடுக்காது.

ஒருமுறை பெல்ட் ஜாயிண்ட் போடும் அண்ணன் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தசைநாண் நடுவில் கெடுவதில்லை, எலும்போடு சேரும் இடத்தில்தான் கெடுகிறது என்றேன். “பெல்ட்டும் அப்படித்தானே மேடம், ஜாயிண்ட்லதான விடும்” என்றார். அதற்குமேல் அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நரம்பு என்று அவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அந்த எலும்பு மேட்டுக்குச் சற்றுப் பின்னால், பள்ளத்தில், நிஜமாகவே ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அதே நரம்பு. உள்பக்க வலியோடு வருகிறவர்களில் சிலருக்கு இதுவும் சேர்ந்து நெருக்கப்பட்டிருக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா, இரவில் கையை மடக்கித் தூங்கினால் விழிப்பு வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் வலி கையின் உள்பக்கமாக இறங்கலாம். அதனால் கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பேன். பிறகுதான் முழங்கை. கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, முஷ்டி மடக்கச் சொல்லி, நான் மணிக்கட்டைக் கீழே தள்ளுவேன், அவர் விடாமல் நிறுத்த வேண்டும். அடுத்து கைகுலுக்குவதுபோல் பிடித்துக்கொண்டு, அவர் உள்ளங்கையைக் கீழே திருப்ப முயல, நான் தடுப்பேன். இரண்டிலும் எலும்பு மேட்டுக்கு ஒரு விரல் முன்னால் வலி சுண்டினால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்தது. கை சூம்பிப்போயிருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், காய்ச்சலோடு மூட்டு வீங்கியிருந்தால், எதையோ எறியும்போது ‘பொட்’டென்று அறுந்த உணர்வு இருந்தது என்றால் நான் கை வைப்பதில்லை. எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

சொடக்கு எடுக்கும் வீடியோக்கள் வந்தபிறகு கேள்விகள் மாறிவிட்டன. கழுத்தைத் திருப்பினால் ‘டக்’, முதுகை அழுத்தினால் ‘டக் டக்’, படுத்திருந்தவர் எழுந்து கண்கலங்க நன்றி சொல்கிறார். போனை என் முன் நீட்டி, “இந்த மாதிரி எடுத்துவிடுங்க மேடம்” என்பார்கள். கைரோபிராக்டிக் என்ற பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அதன் பிறப்புக் கதை சுவையானது. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை ஒரு தள்ளு தள்ளினார், காது கேட்கத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். முதுகெலும்பு இம்மி பிசகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்று பால்மர் முடிவுகட்டினார். அந்தக் கோட்பாட்டை நான் நம்பவில்லை. இன்றைய கைரோபிராக்டர்கள் பலருமே நம்புவதில்லை. அவர்களில் நன்றாகப் படித்தவர்கள் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளைக் கையால் கையாள்வதில் தேர்ந்தவர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் வாங்கினால்தான் தொழில் செய்யலாம். நம் நாட்டில் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது. கைரோபிராக்டிக்குக்கு அப்படி ஒரு வேலி இல்லை. கடல் கடந்து போய் வருடக்கணக்கில் படித்துவந்தவரும், வாரக்கடைசி வகுப்பு ஒன்றை முடித்தவரும் ஒரே மாதிரி பலகை மாட்டிக்கொள்ளலாம். நோயாளி எதை வைத்துப் பிரித்தறிவார்? சத்தத்தை வைத்துத்தான்.

சத்தமோ மருந்தில்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் விரல் நெட்டி முறிவதை எம்.ஆர்.ஐ.யில் ஓடும் படமாக எடுத்தார்கள். மூட்டின் இரு பரப்புகள் சட்டென்று விலகும்போது மூட்டு நீருக்குள் ஒரு வாயுக் குழி உண்டாகிறது, அந்தக் கணத்தில் ஒலி. எலும்பு எதுவும் இடம் திரும்பவில்லை. தசைநாணுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. முடிவெட்டும் கடையில் கழுத்தை இரண்டு பக்கமும் திருகி நெட்டி எடுத்துக்கொண்டு சுகமாக எழுந்து போகிறோம். வலி போயிருப்பது ஒரு மணி நேரம்தான். அபூர்வமாக, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. முழங்கை வலிக்காகக் கழுத்தை அப்படித் திருக நான் சம்மதிப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை.

கழுத்துக்கும் முழங்கைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பில் விசென்சினோ என்ற பிசியோதெரபிஸ்டும் அவர் குழுவினரும் 1990-களிலேயே, கழுத்து மூட்டை மென்மையாக அசைத்தால் வெளிப்பக்க முழங்கை வலி உடனே சிறிது அடங்குவதைக் காட்டினார்கள். வலி என்பது கெட்ட இடத்தில் மட்டும் இல்லை, அதை வாங்கிக்கொள்ளும் தண்டுவடத்திலும் மூளையிலும் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் ஒலியைக் குறைத்துவைக்க முடியும். நானும் அசைப்பேன், அழுத்தித் தேய்ப்பேன். கையால் தொட்டுச் செய்யும் வைத்தியத்தை மட்டமாகப் பேசும் புதிய தலைமுறைப் பிசியோக்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொட்டுப் பார்க்காதவரின் பேச்சை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கெட் வீல் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்தவரை கையில் ஒரு வலியும் இல்லை. லீவரைப் பிடித்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு சொந்த வீட்டுக் கொல்லையில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார். அறுபது வயதுவரை அப்படி உழைத்திராத முழங்கை ஆறே மாதத்தில் முறையிட்டது. அந்த வலியோடு டெக்ஸாஸிலுள்ள மகன் வீட்டுக்குப் போனார். மகன் ஒரு கைரோபிராக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “ஒரே டக்கு. அவ்ளோதாம்மா. கழுத்துல ஒரு டக்கு, முதுகுல ஒரு டக்கு. வலி பறந்துபோச்சு.”

“பிறகு ஏன் வந்திருக்கீங்க பெரியப்பா?”

“மறுபடி லேசா வருது. அந்த டக்கு நீங்க எடுத்துவிட்டா சரியாயிடும்.”

அங்கே ஏதாவது காகிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன். மடித்துவைத்த தாள் ஒன்று சட்டைப்பையிலிருந்து வந்தது. வாங்கிப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எலும்பு மேட்டுக்குக் கீழே குறுக்காக அழுத்தித் தேய்ப்பது, முன்கையில் பட்டை கட்டுவது, உள்ளங்கை மேலே பார்க்க எடையை மெதுவாக இறக்குவது, ரப்பர் உருளையை முறுக்கி மெதுவாக விடுவது, தோள்பட்டைக்கு இரண்டு பயிற்சி, மூன்று மாதம். என் மேசை இழுப்பறையில் இருக்கும் தாளில் தமிழில் எழுதியிருப்பது ஏறக்குறைய இதேதான். குறுக்காகத் தேய்ப்பது லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பிரபலப்படுத்திய முறை, பிசியோக்கள் எல்லோரும் படிப்பது. டக்கைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. பெரியவர் பயிற்சிகளை மூன்று வாரம்போலச் செய்திருக்கிறார். வலி குறைந்ததும் விட்டுவிட்டார். டக்கு மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

அந்தக் கைரோபிராக்டரை நான் பார்த்ததில்லை. நல்ல கைக்காரர் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்வேன். சத்தத்தால் பெரியவரின் நம்பிக்கையை வாங்கி, அந்த நம்பிக்கையைப் பயிற்சிக்குத் திருப்ப முயன்றிருக்கிறார். என்னிடம் சத்தம் இல்லை. எனக்குக் கிடைப்பது கரண்ட்.

“மெஷின் வைக்கலையா?” என்று கேட்காத நோயாளி அரிது. இடைக்குறுக்கு மின்னோட்டம், அல்ட்ராசவுண்டு எல்லாம் வைத்திருக்கிறேன். அவற்றால் தசைநாண் ஆறுகிறது என்று சொல்லிக்கொள்ள வலுவான ஆதாரம் இல்லை. பத்து நிமிடம் இதமாக இருக்கும், அந்தப் பத்து நிமிடத்தில் நான் நிறையப் பேசிவிடுவேன். ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளில் வலி வடியும், பொய்யில்லை. 1997-இல் ஸ்டாலும் காஃப்மனும் இதே உள்பக்க வலியில் ஊசியைச் சோதித்து வெளியிட்டார்கள்: ஆறு வாரத்தில் ஊசிபோட்டவர்கள் நன்றாக இருந்தார்கள், மூன்று மாதத்தில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வேறுபாடில்லை. வெளிப்பக்க வலியிலோ ஊசி போட்டவர்கள் நாளடைவில் பின்தங்குவதே பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. மகள் கல்யாணம் அடுத்த வாரம், கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். வலி போனதென்று மறுநாளே சம்மட்டி தூக்கினால் கதை வேறு.

கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போட்டுப் பழகிய ஊர்கள் நம்முடையவை. முழங்கை வலிக்கும் அதே கை பழக்கத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த தசைநாண் இன்னும் இளைத்துப் போகும். சுமையே இல்லாவிட்டால் அதற்கு நாரைத் திருத்தி அடுக்கும் வேலையும் இல்லை. மிதமிஞ்சிய சுமையால் கெட்டது, அளந்த சுமையால்தான் தேறும். இதைச் சொல்லும்போது நோயாளிகள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பது வழக்கம். வலிக்கிற கையால் எடை தூக்கச் சொல்கிறாளே என்று.

இங்கேதான் சுத்தியல் வருகிறது. முதல் வாரங்களில் சுமை மட்டும், அசைவு வேண்டாம். முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும். அரை நிமிடத்துக்கும் முக்கால் நிமிடத்துக்கும் இடையில், ஐந்து முறை, காலையும் மாலையும். பத்துக்கு மூன்று நான்கு அளவில் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். அடுத்த கட்டத்தில், மறு கையால் எடையை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மெள்ள, நான்கு எண்ணும்வரை இறக்குவது. பதினைந்து முறை, மூன்று தடவை. பிறகு சுத்தியல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலை மேலே இருக்க, அதைப் பக்கவாட்டில் வெளியே சாயவிட்டு மெதுவாக மீண்டும் நிமிர்த்த வேண்டும். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் லேசு. கைப்பிடியின் நுனிக்குப் போகப் போகக் கனம் கூடும். ஒரு சுத்தியலிலேயே பத்து எடை இருக்கிறது. டம்பெல் வாங்கக் காசில்லாத வீட்டிலும் சுத்தியல் இருக்கும்.

முப்பது வருடம் சுத்தியல் பிடித்த ஃபிட்டருக்கு நான் அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள். டார்க் ரெஞ்சில் இத்தனை அளவுக்குமேல் இறுக்காதே என்பது அவர்களுக்குப் பழக்கமான பாடம். அலுவலகக்காரர்கள் இரண்டாம் நாளே மூன்று கிலோவுக்குப் போய்விட்டு வந்து என்னைக் குறை சொல்வார்கள்.

பயிற்சி பாதி, பிடி பாதி. கைப்பிடி மெலிதாக இருந்தால் விரல்கள் உள்ளங்கையைக் குத்தும் அளவுக்கு இறுக்க வேண்டிவரும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்பேனர் பிடியில் சுற்றச் சொல்வேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள் என்பேன். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்தே இழுக்க முடியுமா, கருவியை நீளமாக்கித் தோளால் இழுக்க முடியுமா என்று அவர்களோடு சேர்ந்து யோசிப்பேன். துணி பிழிகிறவர்களுக்குக் குழாயில் மாட்டி ஒரு பக்கமாக மட்டும் முறுக்கக் காட்டிக்கொடுப்பேன். பட்டை கட்டினால் முழங்கைக்கு இரண்டு விரல் கீழே, தசைமேல் கட்ட வேண்டும். எலும்பு மேட்டின்மேல் கட்டி நரம்பை அமுக்கிக்கொண்டு விரல் மரத்துப்போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது கைகூடுவதில்லை. முந்திரி உடைக்கும் அக்கா ஒருவர் வந்தார். கிலோ கணக்கில் கூலி. உடைத்தால் காசு, உடைக்காவிட்டால் இல்லை. ஓய்வெடுங்கள் என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. முதலில் சர்க்கரை பார்த்துவரச் சொன்னேன். முழங்கையோ தோளோ தசைநாண் ஆறாமல் இழுத்தடித்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். இருந்தது, அவருக்கே அதுவரை தெரியாது. கைப்பிடியில் துணி சுற்றினோம். நாற்காலியின் உயரத்தைக் கூட்டியதில் முழங்கை உடம்போடு ஒட்டிவந்தது. உடைப்பதை நண்பகலோடு நிறுத்திக்கொண்டு பிற்பகலில் தோல் உரிப்பது, பருப்பு தரம் பிரிப்பது என்று மாறிக்கொண்டார். தரம் பிரிக்கும் கூலி குறைவு என்பதால் வீட்டில் சண்டை. “கை போச்சுன்னா மொத்தமும் போச்சு, அத நான் பாத்துக்கறேன்” என்று அவரே முடிவெடுத்தார். வலி முழுதாகப் போகவில்லை. அரைப் படி இறங்கிய இடத்தில் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் ஏறும், மழையில் இறங்கும். வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்து கட்டிலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு போவார். அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரு பொட்டலம் முந்திரி மட்டும் மேசையில் இருக்கும்.

ஆபரேட்டர் பெரியவரிடம் நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். மூன்று மாதம் சுத்தியல் பயிற்சியை விடாமல் செய்தால், முடிவில் முதுகில் ஒரு டக்கு எடுத்துவிடுகிறேன், கழுத்தில் கிடையாது. கூடவே கடப்பாரை வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். மனிதர் காலண்டரில் கோடு போட்டுச் செய்தார். மூன்றாம் மாதம் வந்து படுத்தார். முதுகின் நடுவில் மெதுவாகத்தான் அழுத்தினேன், நல்ல சத்தமாகவே வந்தது. எழுந்து கையை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார். வாதாடவில்லை. வலி போயிருந்தது, அது போதும்.

இப்போது எனக்குப் புதுத் தலைவலி. பெரியவர் எடை இறக்குவது முதல் சுத்தியல் வரை எல்லாப் பயிற்சியையும் தன் பேரனை வைத்துப் படம்பிடித்து, ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். முழங்கை வலி எந்தப் பக்கம் என்று கேட்காமலே வடலூர்வரை ஆளாளுக்குச் செய்கிறார்கள். வெளிப்பக்கம் வலிக்கிறவர்கள் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து எடையை இறக்க வேண்டும், உள்பக்கக்காரர்கள் மேலே பார்க்க வைத்து. போன வாரம் வந்த மூன்று பேரும் வெளிப்பக்கக்காரர்கள், மூவரும் உள்ளங்கை மேலே பார்க்கத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பெரியவருக்குப் போன் போட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பேரனுக்குப் பரீட்சையாம், முடிந்ததும் எடுக்கிறேன் என்றிருக்கிறார்.